மணலில் உதைத்தால் கால் திரும்பாது

அன்புள்ள ஐயா,

எனக்கு 19 வயது. களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். ஆறு வருடமாகக் கராத்தே, இப்போது பிறவுண் பெல்ட். வேகம் கூட வேண்டுமென்று மூன்று மாதமாகக் கிழமைக்கு ஐந்து நாள் பின்னேரத்தில் கணுக்காலில் ஒரு கிலோ பாரம் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் 4 கிலோமீற்றர் ஓடுகிறேன். ஓடி முடித்த கையோடு, பாரத்தைக் கழற்றாமலே, அதே மணலில் 150 மவாஷி கெரி (பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைப்பது), கூடுதலும் வலது காலால். பிறகு வீட்டில் சீமெந்து முற்றத்தில் கயிறடிப்பு. மூச்சு முன்னைவிட நன்றாக நிற்கிறது. ஆனால் எதிராளியோடு மோதும் குமித்தேயில் அவருடைய கிசாமி சுகி (முன்கைக் குத்து) முந்திவிடுகிறது. மவாஷி போட்டால் முன்னுக்குச் சரிகிறேன். ஒரு மாதமாக இடது முழங்காற் சில்லுக்குக் கீழே நோகிறது. எட்டுக் கிழமையில் போட்டி. இன்னும் எதைக் கூட்ட வேண்டும்?

க., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

எதையும் கூட்ட வேண்டாம். இரண்டு மூன்றை விட வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது, உதைப்பது வலது கால், நோவது இடது கால் என்பதுதான். மவாஷியில் ஊன்றிய கால் திரும்பியாக வேண்டும். முன்பாதத்தில் சுழன்று, உதை படும் நேரத்தில் குதிக்கால் எதிராளியின் பக்கம் வந்திருக்க வேண்டும். அப்போதுதான் இடுப்பு முழுதாகத் திரும்பும். மணலில் நின்று உதைத்தால் பாதம் விரற்கடை ஆழம் புதைந்துவிடுகிறது, சுழல இடமில்லை. மேலே இடுப்பு திரும்பப் பார்க்கும், கீழே பாதம் விடாது. அந்த முறுக்கு நடுவில் இருக்கும் முழங்காலில் போய் விழுகிறது. இடுப்பு பாதியில் நின்றுவிடுவதால் மிச்சத் தூரத்துக்குக் காலை வீசி எறிகிறீர்கள், எறிந்த கால் உடம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் சரிவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கணக்குப் பார்த்தால் 9,000 தடவைக்குக் கிட்ட இப்படி உதைத்திருக்கிறீர்கள். உடம்பு பழக்கியதைத்தானே செய்யும்.

ஆகவே இன்றிலிருந்து மணலில் உதைக்க வேண்டாம். கராத்தே மெத்தையிலோ மழுமழுப்பான தரையிலோ வெறுங்காலோடு நில்லுங்கள். பெருவிரல் அடி, சின்னவிரல் அடி, குதி ஆகிய மூன்றிலும் பாரம் சமமாக இறங்க வேண்டும். ஒரு கையால் யன்னல் விளிம்பைப் பிடித்து, முழங்காலைத் தூக்கி 3 செக்கன் நில்லுங்கள். ஊன்றிய குதியைத் திருப்பிக்கொண்டு 5 செக்கன் எடுத்து மெதுவாகக் காலை நீட்டுங்கள், 3 செக்கனில் மடக்குங்கள், மடக்கிய நிலையிலேயே ஒரு மூச்சு நிற்க வேண்டும். பிறகு காலை முன்னுக்கு வைப்பதா பின்னுக்கு வைப்பதா என்று நீங்களே தீர்மானித்து வையுங்கள். கால் தானாக விழுந்தால் அந்த உதை கணக்கில் இல்லை. பக்கத்துக்கு 5 தடவை. ஒரு கிழமை போனதும் யன்னலில் ஒரு விரல் மட்டும், அதன்பிறகு கையே வேண்டாம். சமநிலைக்குக் கண், உட்காது, பாதமும் கணுக்காலும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் 20 செக்கன் நின்று பாருங்கள். பாதம் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும்.

இனி வேகம். முழு வீச்சில் எதைச் செய்தாலும் தசைக்கு உடனே உதவுவது கிரியேற்றின் பொஸ்பேற்று என்ற சேமிப்பு. அது 6 முதல் 10 செக்கன் வரைதான் தாங்கும். அரை நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி திரும்பும், நிரம்பி வர மூன்று நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஓடிக் களைத்து, மூச்சு வாங்க வாங்க 150 உதைத்தால் முதல் சிலதைத் தவிர எல்லாமே மெதுவான உதை. மூச்சுத் தாங்குவதன் காரணமும் வேகம் வராததன் காரணமும் இதில் இருக்கிறது.

வேகப் பயிற்சியைக் களைப்பில்லாத உடம்போடு, எல்லாவற்றுக்கும் முதலில் செய்யுங்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். அந்த நேரத்தில் தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்க வேண்டாம், சற்று நேரத்துக்குத் தசையின் வெடிப்பு வேகம் குறைந்துவிடும். பிறகு நான்கு உதை, இயன்ற முழு வேகத்தில். இரண்டு நிமிடம் சும்மா நடை. இப்படி ஆறு சுற்று, மொத்தம் 24 உதை. போதாது போலத் தோன்றும், ஆனால் போதும். போனில் செக்கனுக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் பக்கவாட்டில் ஒரு கதிரையில் வைத்துப் பிடியுங்கள். உதைகால் தரையை விட்டதிலிருந்து பேடில் (நண்பர் பிடிக்கும் உதைமெத்தையில்) படும்வரை பிரேம்களை எண்ணுங்கள். 60 பிரேம் என்றால் கால் செக்கன். தொடக்கத்தில் 60 ஆக இருந்தது 66க்குப் போனால் அன்றைய வேகப் பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், எத்தனை சுற்று மிச்சமிருந்தாலும்.

கணுக்கால் பாரத்தைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காலின் நுனியில் தொங்கும் அந்த ஒரு கிலோவை ஒவ்வொரு உதையின் முடிவிலும் பின்தொடைத் தசையும் முழங்காலும்தான் பிடித்து நிறுத்துகின்றன. பாரமில்லாமல் உதைக்கும்போது நேரக் கணக்கும் தவறுகிறது. பலம் வேண்டுமென்றால், நோவு தணிந்தபிறகு, 10 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு ஒரு படி ஏறி இறங்குங்கள், காலுக்கு 8 தடவை, மூன்று சுற்று.

கிசாமி முந்துவதற்குக் கால் பலத்தைக் குறைசொல்ல முடியாது. பெரும்பாலும் நம் அசைவால் நாமே எதிராளிக்கு முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். நண்பரை முன்னால் நிற்கச் சொல்லி, தாக்கக் கிளம்புங்கள். உங்கள் உடம்பில் எது அசைந்தாலும் அவர் கைதட்ட வேண்டும், எது அசைந்தது என்றும் சொல்ல வேண்டும். தோள் பின்னுக்குப் போனது, தலை உயர்ந்தது, பாரம் பின்காலுக்கு இறங்கியது என்று மூன்றில் ஒன்று வரும். அதை மட்டும் ஒரு கிழமை திருத்துங்கள். பின்குதிக்கும் தரைக்கும் நடுவே கொப்பித்தாள் ஒன்று நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். குதி முழுதாக ஊன்றியிருந்தால் கிளம்ப முன் அதைத் தூக்க ஒரு அசைவு வீணாகும்.

திசை மாற்றும் சுறுசுறுப்புக்கு தரையில் ஏணி போலப் போட்ட கோடுகளுக்குள் கால் வைத்து ஓடுவதைப் பலர் சொல்வார்கள். அது கால் ஒழுங்குக்கு நல்லது, ஆனால் எதிராளி ஏணியைப் போல அசையாமல் கிடப்பதில்லை. கண் பார்த்துக் கால் போக வேண்டும். நண்பர் இரண்டு கையிலும் ரெனிஸ் பந்து வைத்துத் தோள் உயரத்தில் பிடிக்கட்டும். நீங்கள் மூன்று மீற்றர் தள்ளி, நிலையெடுத்து நில்லுங்கள். சொல்லாமல் ஒன்றை விடுவார். இரண்டாம் தடவை தரையில் படுமுன் பிடிக்க வேண்டும். பிடிபட்டால் ஒரு பாத அளவு பின்னுக்குப் போங்கள். எட்டுத் தடவை, நடுவே அரை நிமிடம். இதோடு, 5 மீற்றர் பாய்ந்து இரண்டு காலடிக்குள் நிற்கப் பழகுங்கள். நிற்கத் தெரியாத கால் திரும்பாது. நிற்கும்போது முழங்கால் உள்ளே சாயக்கூடாது. எங்கள் பக்கத்தில் சிலம்படி, சீனடி ஆகிய தற்காப்புக் கலைகளைப் பழக்குபவர்கள் கம்பைக் கையில் தருமுன் காலடி பழக்குவார்கள். அந்த ஒழுங்கில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

மணலை முற்றாக விடச் சொல்லவில்லை. மணலில் ஓடுவதற்கு இறுகிய தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும், அதனால்தான் மூச்சு வளர்ந்தது. ஆனால் பாதம் புதையும்போது குதிநாண் இழுபட்டுத் திரும்பும் துள்ளல் மணலோடு போய்விடுகிறது. குமித்தேக்கு வேண்டியது அந்தத் துள்ளல்தான். கிழமைக்கு ஒரு நாள் 20 நிமிடம், அலை நனைத்து இறுகிய விளிம்பில் ஓடுங்கள். கரை கடற்பக்கம் சரிந்திருக்கும். போன தூரத்தைத் திரும்பியும் ஓடாவிட்டால் ஒரே கால் சரிவைச் சுமக்கும். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் ஓடிவிடுங்கள்.

முழங்காலுக்கு இரண்டு கிழமை கயிறடிப்பையும் குதிப்பையும் நிறுத்துங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைப் பாதிக்கு மடித்து 45 செக்கன் நில்லுங்கள், ஐந்து தடவை, நடுவே 2 நிமிடம். லேசான நோவு பரவாயில்லை, மறுநாள் காலையில் கூடியிருந்தால் மடிப்பைக் குறைக்க வேண்டும். வீக்கமோ, கால் பூட்டிக்கொள்வதோ, இரண்டு கிழமையிலும் தணியாத நோவோ இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள்.

திங்களும் வியாழனும் வேகம், செவ்வாயும் வெள்ளியும் சமநிலையும் பந்தும், சனி குமித்தே, அன்று ஓட்டம் வேண்டாம். ஞாயிறு வேண்டுமானால் கடற்கரை, புதன் முழு ஓய்வு. போட்டிக்கு முந்திய பத்து நாளில் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஒவ்வொரு உதையின் வேகத்தையும் குறைக்க வேண்டாம். மூன்றாம் கிழமை முடிவில் ஒரு மவாஷியைப் பின்னாலிருந்து படம்பிடித்துப் பார்த்து, இடது குதிக்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுதுங்கள்.