பனிக்காலத்துல ஜோடியா வேன்ல லாங் டிரிப், வழியில தெரியாதவங்க வீட்டுல தங்குறது சரிவருமா?

கல்யாணம் ஆகி ஒரு வருஷம், பனிக்காலத்துல மூணு வாரம் வேன்ல சுத்தப் போறோம், வேன்ல ஹீட்டர் கிடையாது, நடுவுல ஆன்லைன்ல பழக்கமானவங்க வீட்டுல தங்கலாமான்னு பயமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நானும் என் ஹஸ்பெண்டும் ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி 23 நாள் போனோம், எங்க வேன்ல மட்டும் டீசல் ஹீட்டர் இருந்துச்சு, 9 வீட்டுல தங்கினோம், அந்த 9 பேர்ல ஒருத்தரையும் அதுக்கு முன்னாடி நேர்ல பார்த்தது கிடையாது. அதனால இத படிச்சதும் பதில் எழுதாம இருக்க முடியல.

போகலாம், கண்டிப்பா போங்க. ஆனா வேன்ல இருப்போம், முடியலன்னா யார் வீட்டுக்காவது போய்க்கலாம்னு மட்டும் நினைச்சுட்டுப் போகாதீங்க. நாங்க அப்படித்தான் கிளம்பினோம், நாலாவது நாளே அது நடக்காதுன்னு புரிஞ்சிடுச்சு. குளிர்ல வேனால தனியா ரொம்ப நாள் தாங்க முடியாது.

குளிர கூட போர்வை போட்டு சமாளிச்சுடலாம், ஈரத்த சமாளிக்க முடியாது. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க மூடின வேன்ல மூச்சு விட்டா கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணி காத்துல கலந்துடும், அது அப்படியே கண்ணாடிலயும் தகரத்துலயும் போய் படிஞ்சு காலைல சொட்டு சொட்டா வடியும், மெத்தைய தூக்கிப் பார்த்தா அடிப்பக்கம் நனைஞ்சிருக்கும். மூணு நாள் நாங்க மெத்தைய தூக்கிப் பார்க்கவே இல்ல. நாலாவது நாள் பார்த்தப்போ பலகைல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு, போர்வையெல்லாம் கனமா, ஒரு மாதிரி சில்லுனு. இதெல்லாம் காயணும்னா சூடான ஒரு ரூம் வேணும், கொடி கட்ட இடம் வேணும். ராத்திரி ஜன்னல ரெண்டு விரல் அளவு திறந்து வைங்க, குளிருமேன்னு மூடிட்டா இன்னும் மோசம்.

சமைக்கிறதும் அதே கதைதான், நாங்க கொண்டு போனது சின்ன கேன்ல வர்ற பியூட்டேன் கேஸ், அது மைனஸ் 0.5 டிகிரிக்கு கீழ ஆவியாவே மாறாது, கேன் நிறைய கேஸ் இருக்கும் அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 வரைக்கும் தாங்கும், அது கலந்ததா பார்த்து வாங்குங்க. கரண்ட்ட சேமிச்சு எடுத்துட்டுப் போற லித்தியம் பேட்டரி பவர் ஸ்டேஷன் வச்சிருந்தீங்கன்னா ஜீரோ டிகிரிக்கு கீழ அத சார்ஜ் பண்ணக்கூடாது, பேட்டரி கெட்டுப் போயிடும், நாங்க ஒவ்வொரு வீட்டுலயும் முதல் வேலையா அத உள்ள கொண்டு போய் சூடு ஏறினதுக்கு அப்புறம்தான் பிளக்ல மாட்டுவோம்.

சரி, வீடுகளுக்கு வரேன். கவுச்சர்ஃபிங்னு ஒரு வெப்சைட், பயணம் போறவங்க அதுல தேடி முன்பின் தெரியாதவங்க வீட்டுல தங்கிக்கலாம், 2004ல இருந்து இருக்கு, 2020ல இருந்து நிறைய நாடுகள்ல அதுக்கு சந்தா கட்டணும். பீவெல்கம்னு இன்னொன்னு இருக்கு, தன்னார்வலர்கள் நடத்துறது, காசு கிடையாது. நாங்க ரெண்டுலயும் தேடினோம். முதல்ல நாலஞ்சு பேருக்கு "எங்களுக்கு ரெண்டு ராத்திரி தங்க ரூம் கிடைக்குமா"ன்னு மெசேஜ் போட்டோம், ஒருத்தர்கிட்ட இருந்தும் பதில் இல்ல. அப்புறம் இவர்தான் சொன்னார், நம்மகிட்ட படுக்கை இருக்கு, நாம படுக்கைய கேட்கவே வேணாம், வண்டி நிறுத்த இடமும் துணி காய வைக்க ஒரு மூலையும் மட்டும் கேட்போம்னு. அப்படி மாத்தி எழுதினதும் அன்னிக்கு சாயங்காலமே மூணு பேர் வாங்கன்னு சொல்லிட்டாங்க.

இது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். பஸ்ல வந்து இறங்குற ஒருத்தர வீட்டுக்குள்ள விட்டா பிடிக்கலன்னாலும் அனுப்ப முடியாது, அவரும் கிளம்பிப் போக முடியாது, ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்ட மாதிரி. வேனோட வர்றவங்க வாசல்ல நிப்பாங்க, பேசுவாங்க, பிடிச்சா அவங்களே உள்ள கூப்பிடுவாங்க. 9 வீட்டுல 7 வீட்டுல "ஏன் வெளிய படுக்குறீங்க, உள்ள வாங்க"ன்னு அவங்களாத்தான் கூப்பிட்டாங்க. நாங்க கேட்டு கிடைச்சது இல்ல அது.

பாதுகாப்பு பத்தி கேட்டிருந்தீங்க. ரெவ்யூல நட்சத்திரத்த பார்க்காதீங்க, எழுத்த படிங்க, முக்கியமா தனியா போன பொண்ணுங்களும் ஜோடிகளும் என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ கால் பேசிடுங்க. இருட்டுறதுக்கு முன்னாடி போய் சேருங்க, பனிக்காலத்துல சீக்கிரமே இருட்டிடும், இருட்டுல போனா வீட்டையும் தெரியாது மனுஷங்களையும் தெரியாது. வண்டிய எப்பவும் முன்பக்கம் ரோட்ட பார்த்த மாதிரி நிறுத்துங்க, முன்னாடி யாரும் வண்டி விடாத இடமா பார்த்து. எங்களுக்குள்ள ஒரு வார்த்தை பேசி வச்சிருந்தோம், "மாத்திரைய வண்டில விட்டுட்டேன்"னு ரெண்டு பேர்ல யார் சொன்னாலும் காரணம் கேட்காம கிளம்பிடணும். ஒரே ஒரு வீட்டுல நான் அத சொன்னேன். அந்த ஆள் தப்பா ஒன்னும் பண்ணல, ஆனா நான் கேட்குற கேள்விக்கெல்லாம் இவர பார்த்தே பதில் சொன்னார், நாங்க உள்ள வந்ததும் வாசல் கேட்ட பூட்டி சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டார், எனக்கு வயிறு பிசைஞ்சுது. இவர் ஏன்னு ஒரு வார்த்தை கேட்கல, அவசரமா போகணும்னு சொல்லி கேட்ட திறக்க வச்சு 10 நிமிஷத்துல ரோட்டுக்கு வந்துட்டோம். அன்னிக்கு ராத்திரி பெட்ரோல் பங்க்லதான் தூங்கினோம்.

இன்னொன்னு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. அவ்வளவு சின்ன இடத்துல ரெண்டு பேரும் 24 மணி நேரமும் இருந்தா சண்டை வரும். 11வது நாள் நாங்க பேசிக்கவே இல்ல. இவர் தினமும் காலைல 9 மணி வரைக்கும் தூங்குறார், நான் தனியா பனிய சுரண்டி கண்ணாடி துடைக்கிறேன்னு எனக்கு கோவம். அன்னிக்கு தங்கின வீட்டுல ஒரு வயசான தம்பதி, ராத்திரி சாப்பிட்டுட்டு பேசிட்டு இருந்தப்போ அந்தம்மா இவர்கிட்ட வேன்ல தூக்கம் வருதாப்பான்னு கேட்டாங்க. இவர் சாதாரணமா சொல்றார், இல்லம்மா, டீசல் ஹீட்டர் ஓடுதுல்ல, கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயு கசிஞ்சா வாசனையே வராது, அலாரம் இருக்கு, இருந்தாலும் மனசு கேட்காம ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவ நாலரைக்கு ஒரு தடவ எந்திரிச்சு ஹீட்டர் புகைக்குழாய பனி மூடியிருக்கான்னு வெளிய போய் பார்த்துட்டு வருவேன்னு. 10 ராத்திரி பக்கத்துலயே படுத்திருக்கேன், எனக்கு தெரியாது. என்கிட்ட ஏன் சொல்லலன்னு அப்புறமா கேட்டதுக்கு, சொன்னா நீயும் தூங்க மாட்டேன்னார். அடுத்த நாள்ல இருந்து ரெண்டு மணி முறை எனக்கு, நாலரை அவருக்கு.

தெரியாதவங்ககிட்ட எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லணும்ல, அப்போ கூட இருக்கிறவங்க வாயில இருந்து நமக்கே தெரியாதது வெளிய வரும். எனக்கு அந்த டிரிப்ல கிடைச்சதுல பெரிய விஷயம் அதுதான், பார்த்த மலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஒரு வீட்டுல ரெண்டு ராத்திரிக்கு மேல இருக்காதீங்க, அவங்க இருங்கன்னு சொன்னாலும். ஷூவ வாசல்லயே கழட்டிடுங்க, பனி உருகி வீடெல்லாம் தண்ணியாகும். சும்மா உட்காராம ஏதாவது வேலைய எடுத்து செய்ங்க, நாங்க வாசல்ல பனி அள்ளிப் போட்டோம், ஒரு வீட்டுல இவர் லேப்டாப் சரி பண்ணிக் கொடுத்தார். ஒரு காலைல வண்டி ஸ்டார்ட் ஆகாம, வீட்டுக்காரர் அவர் கார்ல இருந்து ஜம்பர் கேபிள் போட்டு எடுத்துக் கொடுத்தார். மைனஸ் 18 டிகிரில சாதாரண பேட்டரிக்கு பாதி சக்திதான் இருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி பேட்டரிய டெஸ்ட் பண்ணிடுங்க, டயரும் குளிர்கால டயரா இருக்கட்டும்.

உங்க வேன்ல ஹீட்டர் இல்லன்னு சொன்னதாலதான் இவ்வளவு எழுதுறேன். தொடர்ந்து ரெண்டு ராத்திரி வேன்ல படுக்குற மாதிரி பிளான் போடாதீங்க, ஒரு ராத்திரி வேன், அடுத்தது வீடுன்னு வைங்க, வீடு உறுதியாகாம அந்த ஊருக்கு வண்டிய எடுக்காதீங்க. குளிருதேன்னு என்ஜின ஓடவிட்டுட்டு தூங்கவே கூடாது, சைலன்சர பனி மூடிடுச்சுன்னா புகை உள்ள வரும். கேஸ் அடுப்ப பத்த வச்சு வண்டிய சூடு பண்றதும் வேணாம். ஹீட்டர் இல்லாட்டியும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்னு வாங்கி தலைமாட்டுல மாட்டிடுங்க. எந்த மாசம் போறீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, நாங்க முதல்ல அனுப்பின மெசேஜையும் மாத்தி எழுதினதையும் அப்படியே போடுறேன்.