வாசலில் வந்து நிற்பவர் யார்?

(மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, காரைக்குடியில் வசிக்கும் நம் கட்டுரையாளர் இம்மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

போர் ஓய்ந்த நாட்டில் சோற்றுக்கும் மருந்துக்குமே வழியில்லை. அங்கே பணம் செலவழித்து மக்கள்தொகைக் கணக்கு எடுப்பது நியாயமா ஐயா?
- வாசகி, பள்ளத்தூர்

நியாயம்தான் அம்மா. எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரியாமல் மருந்து அனுப்பினால், லாரி போகும் சாலையோரத்தில் இருப்பவர்களுக்கே அது கிடைக்கும். கம்போடியாவில் 1962-க்குப் பிறகு 1998-ல்தான் கணக்கெடுப்பு நடந்தது. இடையில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியும் உள்நாட்டுப் போரும். எண்ணி முடித்தபோது 1 கோடியே 14 லட்சம் பேர். ஏறக்குறைய நான்கில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைவி என்பதும் தெரியவந்தது. இது தெரியாமல் அங்கே யாருக்குக் கடன் கொடுப்பது, யார் பெயரில் பட்டா எழுதுவது?

எங்கள் ஐயா பர்மாவில் (இன்றைய மியான்மர்) கொண்டுவிற்றவர், அதாவது வட்டித் தொழில் செய்தவர். அந்த நாட்டு மக்கள்தொகை பற்றி ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?
- வாசகர், தேவகோட்டை

உங்கள் ஐயா காலத்துப் பர்மாவைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் அங்கே கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்று 1930-ல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கைக்கு வந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் 1938-ல் அது 25 சதவீதம் ஆனது. இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்த நாட்டில், 1983-க்குப் பிறகு 2014-ல்தான் கணக்கெடுப்பு நடந்தது. மொத்தம் சுமார் 5 கோடியே 15 லட்சம். அதில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் எண்ணப்படவில்லை, மதிப்பிட்டுச் சேர்த்தார்கள். பெரும்பாலோர் ராக்கைன் மாநிலத்தவர். அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினரில் தங்களை ரோஹிங்கியா என்று சொன்னவர்களைப் பதிவு செய்ய அரசு மறுத்தது. 'வேறு பெயர் சொன்னால்தான் எழுதுவேன்' என்கிற கணக்கை என்னால் ஏற்க முடியாது. அது கணக்கெடுப்புக்கே செய்யும் துரோகம்.

செயற்கைக்கோள் படம் இருக்கும்போது வீடு வீடாக எதற்குப் போக வேண்டும்?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

தம்பி, கானாடுகாத்தானை மேலிருந்து படம் எடுத்தால் எவ்வளவு பெரிய கூரைகள் தெரியும்! பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. சிலவற்றில் காவல்காரர் மட்டும். கூரையை வைத்து ஆளைக் கணக்கிட, பக்கத்து ஊர்களிலாவது ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்று நேரில் எண்ணியிருக்க வேண்டும். ஆபத்தான பகுதிகளுக்கு இந்த முறை உதவும், மறுக்கவில்லை. அது இட்டு நிரப்பத்தான்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர், புதுவயல்

பயத்தைப் போக்குவதிலிருந்து. ருவாண்டாவில் பெல்ஜியர் காலத்திலிருந்தே அடையாள அட்டையில் இனம் எழுதியிருந்தது. 1994 இனப்படுகொலையில், சாலைத் தடைகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் டுட்சி இனத்தவரைக் கொன்றார்கள். அதைக் கண்டவர், வாசலில் தாளோடு நிற்கும் அந்நியரிடம் என்ன சொல்வார்? லெபனானில் 1932-க்குப் பிறகு முழுக் கணக்கெடுப்பே இல்லை. எந்த மதத்தவர் எத்தனை பேர் என்று தெரிந்தால் பதவிப் பங்கீடு குலையும் என்ற அச்சம். இலங்கையில் 2001-ல் 25 மாவட்டங்களில் 18-ல்தான் முழுமையாக எண்ண முடிந்தது. முழு நாட்டுக்கும் கணக்கு வர 2012 ஆயிற்று.

நகரத்தார் கோயில்களில் கல்யாணம் ஆனவரைப் புள்ளியாக, அதாவது கோயில் ஏட்டில் ஒரு குடும்பக் கணக்காக, சேர்க்கிறார்கள். யார் எழுதுகிறார், அந்த ஏடு யாரிடம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தயங்காமல் பெயர் கொடுக்கிறார்கள். நாட்டுக்கும் அது வேண்டும். தனி ஆள் விவரத்தைப் போலீசுக்கோ ராணுவத்துக்கோ தரக்கூடாது என்று சட்டம் முதலில். எண்ணப் போகிறவர் அந்த ஊர்ப் பாஷை பேசும் வாத்தியாராக இருக்கட்டும். வெளிநாட்டு நிபுணர் திட்டம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பிள்ளைகளை அதிகச் சம்பளம் தரும் தொண்டு நிறுவனங்கள் இழுத்துக்கொள்ளும். ஆகவே புள்ளியியல் அலுவலகச் சம்பளம் அந்த நாட்டுப் பட்ஜெட்டிலிருந்து மாதாமாதம் வர வேண்டும். அதோடு, கிராமந்தோறும் பிறப்பு, இறப்புப் பதிவையும் உடனே தொடங்கிவிட வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை அதுதான் கைகொடுக்கும்.