வாசகர் கேள்விகள்: ஓட்டு வேண்டாம் என்ற நாவலாசிரியை

கேள்வி: 1888இல் வந்த ‘ராபர்ட் எல்ஸ்மியர்’ நாவலுக்குப் பிரதமர் கிளாட்ஸ்டனே விமர்சனம் எழுதினார் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு பாதிரியார் நம்பிக்கை இழக்கிற கதைக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்த வருஷம் அவர் பிரதமர் இல்லை, எதிர்க்கட்சியில் இருந்தார். மற்றபடி செய்தி சரிதான். ‘நைன்டீன்த் செஞ்சுரி’ பத்திரிகையின் மே இதழில் நீண்ட கட்டுரையே எழுதினார். அதற்கு முன்னால் ஆக்ஸ்ஃபோர்டில் நாவலாசிரியை மிஸஸ் ஹம்ப்ரி வார்டை நேரில் சந்தித்து வாதாடியும் பார்த்தார்.

நம்பிக்கை இழந்த பாதிரியார் அன்றைக்கு ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை. ராபர்ட் எந்த வழியில் இழக்கிறான் என்பதுதான் புதுசு. விக்டோரியா காலம் என்றாலே நாம் டார்வினை இழுத்து வந்துவிடுகிறோம், ஆனால் ராபர்ட்டைக் கவிழ்ப்பது வரலாறு. ஊர்ப் பெரிய நிலக்கிழார் வெண்டோவரின் நூலகத்தில் பழைய பிரான்சின் வரலாற்றுக்காக அந்தக் காலத்து ஏடுகளைப் புரட்டுகிறான். இதை எழுதியவன் யார், கண்ணால் பார்த்தானா, கேட்டதை எழுதினானா, அவன் காலத்து ஆட்கள் எதையெல்லாம் யோசிக்காமல் நம்பினார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவனுக்கு, அதே கேள்விகளை நற்செய்தி நூல்களிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கேள்விகளுக்கு முன்னால் அற்புதங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. பாதிரியார் பதவியை விடுகிறான், கிழக்கு லண்டனில் தொழிலாளிகளோடு சேர்ந்து அற்புதங்கள் இல்லாத ஒரு புது கிறிஸ்தவச் சகோதரத்துவத்தைத் தொடங்குகிறான்.

இது அந்த அம்மா சொந்தமாக நடந்த பாதை. கல்லூரிப் படிப்பு கிடையாது, அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கு இடமே இல்லை. லிங்கன் கல்லூரித் தலைவர் மார்க் பாட்டிசன், ஏதாவது ஒரு விஷயத்தைப் பிடித்து அடிவரை போ என்று சொல்ல, ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உட்கார்ந்து ஆரம்ப கால ஸ்பெயினைப் படித்தார். அங்கிருந்த பழைய மதகுருமார் வாழ்க்கை பற்றி கிறிஸ்தவ வாழ்க்கை வரலாற்று அகராதி ஒன்றுக்குக் கட்டுரைகளும் எழுதினார். 1881இல் ஜான் வேர்ட்ஸ்வொர்த் பல்கலைக்கழகப் பிரசங்கத்தில் அவநம்பிக்கைக்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பேசியதைக் கேட்டு, கொதித்துப் போய் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார். நாவலின் விதை அதில்தான் இருக்கிறது.

கிளாட்ஸ்டனின் முக்கியமான புகார், நம்பிக்கைத் தரப்பில் பதில் சொல்ல ஒரு படித்த ஆளைக்கூட நாவல் நிறுத்தவில்லை என்பது. நியாயமான புகார்தான். ஆனால் எனக்கு அந்த வாதங்களைவிட ராபர்ட்டின் மனைவி கேதரின் வருகிற பக்கங்கள் முக்கியம். இவளும் படித்து வாதாடித் தோற்றவள் இல்லை. கணவன் ஒரு நாள் வந்து எல்லாம் மாறிவிட்டது என்கிறான், வீடு, வேலை, ஊர் எல்லாம் போகிறது, அவன் மேல் இருக்கும் அன்பும் போகவில்லை, தன் நம்பிக்கையும் போகவில்லை. ஆண்கள் யோசித்து யோசித்து மனம் மாறுகிறார்கள், அதன் பில் வீட்டுக்காரிக்கு வருகிறது! இவர் நாவல்களின் மையமே இதுதான் என்பேன்.

அவர் வீட்டுக் கதையைப் பாருங்கள். ரக்பி பள்ளித் தலைமை ஆசிரியர் தாமஸ் ஆர்னால்டின் பேத்தி, கவிஞர் மாத்யூ ஆர்னால்டின் தம்பி மகள். 1851இல் டாஸ்மானியாவில் பிறந்தார். அங்கே பள்ளி ஆய்வாளராக இருந்த அப்பா டாம், 1856இல் கத்தோலிக்கரானார், வேலை போனது, குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1865இல் கத்தோலிக்கத்தை விட்டார், ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். 1876இல் அங்கே ஒரு பேராசிரியர் பதவி கைக்கு எட்டும் நேரத்தில் மறுபடி கத்தோலிக்கரானார், பதவி போயிற்று. அம்மா ஜூலியா பிடிவாதமான புராட்டஸ்டன்ட். அவர் பட்டதை மகள் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கேதரினை எழுதியவருக்குக் கற்பனை ரொம்பத் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று இயக்கமே நடத்தியவராமே. அவரை இன்று ஏன் படிக்க வேண்டும்?
— வாசகர், ஈரோடு

பதில்: நடத்தினார். 1889இல் அதே ‘நைன்டீன்த் செஞ்சுரி’யில் வந்த எதிர்ப்பு அறிக்கைக்குப் பின்னால் இருந்தவர் இவர்தான். 1908இல் பெண்கள் ஓட்டுரிமை எதிர்ப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் முன்னணியில் நின்றார். ராணுவம், வெளியுறவு, பெரும் நிதி எல்லாம் ஆண்கள் சுமப்பது, அதைத் தீர்மானிக்கிற ஓட்டும் அவர்களுக்கே, பள்ளி, ஏழை நிவாரணம், உள்ளாட்சியில் பெண்கள் தாராளமாக வரட்டும் என்பது வாதம். எனக்கு இது அன்றைக்கே பலவீனமான வாதமாகப் படுகிறது, ஏனென்றால் எதிர்வாதமாக அவருடைய வாழ்க்கையே நிற்கிறது. 1879இல் திறந்த சோமர்வில் பெண்கள் கல்லூரியை உருவாக்க உழைத்தவர். லண்டன் டாவிஸ்டாக் பிளேஸ் சமூக நிலையத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் விளையாட்டு மையம் நடத்தி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு 1899இல் பள்ளி திறந்து, விளையாட்டு மையங்களுக்காக 1907 கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவையே சேர்க்க வைத்தவர். நாடாளுமன்றத்தில் சட்டம் வளைக்கத் தெரிந்த அம்மா, அங்கே ஆள் அனுப்பும் ஓட்டு மட்டும் பெண்ணுக்கு வேண்டாம் என்கிறார். இதை எப்படிச் சமாதானம் செய்வது? நான் செய்யப் போவதில்லை.

ஆனால் ஓட்டு விஷயத்தில் சரியாக இருந்தவர்களை மட்டும் படிப்பது என்று தொடங்கினால் அலமாரி சீக்கிரம் காலியாகிவிடும்.

கேள்வி: எழுத்தாளருக்குச் சொந்தப் பெயர் இல்லையா? ஏன் ‘மிஸஸ் ஹம்ப்ரி வார்ட்’?
— வாசகி, திருச்சி

பதில்: மேரி. 1872இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் ஹம்ப்ரி வார்டைத் திருமணம் செய்தார், புத்தக அட்டையில் போட்டுக்கொண்டது கணவர் பெயர். வேடிக்கை என்னவென்றால், குடும்பத்தில் பெரிய சம்பாத்தியம் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரருடையது இல்லை.

கேள்வி: ஒன்றே ஒன்று படிப்பதென்றால்?
— அதே வாசகி

பதில்: ‘எல்ஸ்மியர்’ வேண்டாம், நீளம் பயமுறுத்தும். 1898இல் வந்த ‘ஹெல்பெக் ஆஃப் பேனிஸ்டேல்’ எடுங்கள். அப்பாவிடம் அவநம்பிக்கையைச் சொத்தாக வாங்கிக்கொண்ட லாரா, ஒரு தீவிரக் கத்தோலிக்கனைக் காதலிக்கிறாள். இதில் யாரும் யாரையும் வாதத்தில் ஜெயிப்பதில்லை, இரண்டு பக்கத்துக்கும் நாவலாசிரியை சம இடம் கொடுக்கிறார். பத்து வருஷத்துக்கு முன் கிளாட்ஸ்டன் சொன்ன குறை இதில் இல்லை. காப்புரிமை முடிந்த நூல், குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முடிவை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடாதீர்கள்.