எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் (காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றுவது) அனுப்பும் முன்: கேள்வி பதில்

கேள்வி: சார், பம்ப் மோட்டார் ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை எரிந்துவிட்டது. ரீவைண்டிங் சரியில்லையா?

பதில்: வைண்டிங் செய்தவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி காயிலைப் பாருங்கள். ஸ்டார் இணைப்பில் (மூன்று ஃபேஸ் காயில்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது) இரண்டு ஃபேஸ் காயில்கள் கரிந்து ஒன்று மட்டும் புதுசு போல இருக்கிறதா, இல்லை டெல்டாவில் (மூன்றும் முக்கோணமாகச் சேர்ந்தது) ஒன்று கரிந்து மற்ற இரண்டும் தப்பித்திருக்கிறதா? அப்படியானால் சப்ளையில் ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஃபியூஸ், தேய்ந்த கான்டாக்டர் (மோட்டாருக்குச் சப்ளை கொடுக்கும் சுவிட்ச்) முனை, தளர்ந்த டெர்மினல் நட்டு என்று தேடுங்கள், அதைச் சரிசெய்யாமல் மோட்டாரை மாட்டினால் மூன்றாவது தடவையும் எரியும். மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கரிந்திருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்றோட்ட அடைப்பு. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அளவுக்கு மேல் கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை யாரோ திருகி ஏற்றியிருப்பார்கள், அதையும் பாருங்கள். ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயிலோடு தொடரில் இருந்தால் நேம்பிளேட் ஆம்பியரில் 58 சதவீதம்தான் வைக்க வேண்டும், முழு ஆம்பியர் வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத கதைதான்.

கேள்வி: அதிர்வு எலக்ட்ரிக்கலா மெக்கானிக்கலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஓடும்போது சப்ளையை வெட்டுங்கள். அந்த நொடியே அதிர்வு நின்றால் எலக்ட்ரிக்கல், வேகம் குறையக் குறைய மெல்லக் குறைந்தால் மெக்கானிக்கல். ஒரு காலின் போல்ட்டைத் தளர்த்தியதும் அதிர்வு குறைகிறதா? அந்தக் கால் பேஸில் சரியாக உட்காரவில்லை, ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

கேள்வி: மாதாமாதம் கிரீஸ் அடித்தும் பேரிங் போகிறதே அண்ணே?

பதில்: அடிப்பதால்தான் போகிறதோ என்னவோ! அதிகக் கிரீஸ் கடையப்பட்டுச் சூடாகும், சில சமயம் வைண்டிங் வரை வழிந்துவிடும். கிராம் கணக்கில் அடியுங்கள், அடிக்கும்போது வடிகால் மூடியைத் திறந்து வையுங்கள். பாலியூரியா கிரீஸ் இருக்கும் பேரிங்கில் லித்தியம் கிரீஸைக் கலக்க வேண்டாம்.

கேள்வி: மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் (VFD) போட்ட பிறகு பேரிங் வளையத்தில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கிறது.

பதில்: ஷாஃப்ட் வழியாகக் கரண்ட் பேரிங்கில் பாய்கிறது. வெறும் பேரிங் மாற்றினால் புதிதும் அதே கதிதான். அந்தக் கரண்டை பேரிங்கில் விடாமல் எர்த்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் கிரவுண்டிங் வளையம் போடுங்கள், பெரிய மோட்டாரில் இன்சுலேட்டட் பேரிங்கும் சேர்த்து.

கேள்வி: மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) எவ்வளவு வர வேண்டும்?

பதில்: 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கர், 5 மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஓட்ட வேண்டாம். ஆனால் நான் பார்ப்பது ஒரு எண்ணை மட்டும் அல்ல: போன தடவை 600 இருந்தது இப்போது 30 என்றால் ஈரமோ அழுக்கோ ஏறுகிறது. அப்புறம், டிரைவைக் கழற்றாமல் மெக்கர் போடாதீர்கள், டிரைவ் போய்விடும்.