மெஷின் இல்லாத வீட்டில் குறைமாதக் குழந்தை

கேள்வி: என் மகன் 30 வாரத்திலேயே 1,250 கிராம் எடையில் பிறந்தான். 48 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்துவிட்டு, 1,750 கிராமில் வீட்டுக்கு வந்தோம். இப்போது 3 வாரம் ஆகிறது. எடை 2,250 கிராம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. இரவெல்லாம் முக்குகிறான், விக்கலும் வருகிறது. கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைக் காலில் மாட்டினால் 82, 85 என்று காட்டுகிறது. மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து விடுகிறேன். இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. 2 வாரத்தில் கண் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள், மழையால் போகவில்லை. கணவர் துபாயில் இருக்கிறார். நானும் மாமியாரும்தான். நான் சரியாகத் தூங்கியே 3 வாரம் ஆகிறது.
- ஒரு வாசகி, தக்கலை

பதில்:

முதலில் அந்தச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துப் பாருங்கள். சலைன் (உப்புநீர்) என்று மட்டும் இருந்தால் பயமில்லை. சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று எழுதியிருந்தால் இனி ஒரு சொட்டுகூட விடாதீர்கள். இத்தனை சிறிய உடம்பில் அது ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்கும். எந்தப் பயத்தில் நீங்கள் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறீர்களோ, அதையே அந்த மருந்து கொண்டுவந்துவிடலாம். 2 கிலோ குழந்தைக்கு மருந்துக்கடையில் கேட்டு மருந்து வாங்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

"நான் கண் அயர்ந்த நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டால்?" நீங்கள் எழுதியதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விதான். 48 நாள் மெஷின் சத்தத்தோடு குழந்தையைப் பார்த்துப் பழகியவருக்கு, சத்தமே இல்லாத வீடு பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மெஷினைச் சும்மா கழற்றி அனுப்பவில்லை. 30 வாரத்தில் பிறந்த குழந்தை மூச்சு விட மறக்கும், ஏனென்றால் மூளையில் அதை நடத்தும் பகுதி முதிர்ந்திருக்காது. 36, 37 வாரத்தை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது சரியாகிவிடும். அதற்கான மருந்தை நிறுத்திய பிறகும், பொதுவாக 5 முதல் 7 நாள் மூச்சு ஒருமுறைகூட நிற்கவில்லை என்று பார்த்த பிறகே வீட்டுக்கு விடுவோம்.

5, 10 விநாடி நிற்பது, பிறகு நாலைந்து மூச்சு வேகமாக வருவது, அப்புறம் சீராவது, நிறம் மாறாமல் இருப்பது: இது இந்த வயதுக் குழந்தை மூச்சு விடும் விதம். 20 விநாடி நின்றாலோ, உதடு நீலமானாலோ மட்டும் உள்ளங்காலைத் தட்டி, முதுகைத் தடவித் தூண்டிவிட்டபடியே 108-ஐ அழையுங்கள்.

ஆக்ஸிமீட்டரை அலமாரியில் வையுங்கள். அது பெரியவர்கள் விரலுக்குச் செய்தது. குழந்தையின் பாதத்தில் சரியாகப் பொருந்தாது, கால் அசைந்தாலே எண் விழும். 3 வாரத்தில் 500 கிராம் ஏறியிருக்கிறான். ஆக்ஸிஜன் 82-இலேயே இருக்கும் குழந்தை பொதுவாக அப்படி ஏறாது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். அவன் பால் குடிப்பதைப் பாருங்கள்.

குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே வராது, உடம்பு சில்லிடும். அழுது ஊரைக் கூட்டாது, அடங்கிவிடும். நேற்றுவரை இழுத்துக் குடித்தவன் இன்று நாலு வாய் குடித்துவிட்டு உறங்குவான். "இன்னைக்கு பிள்ளை நல்லா உறங்குது" என்று பாட்டி சந்தோஷப்பட்ட அதே நாள் சாயங்காலம் என்னிடம் கவலைக்கிடமாக வந்த குழந்தைகள் உண்டு. அதனால் பால் நேரத்தில் எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடனே உங்கள் புறங்கையை அவன் வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருக்க வேண்டும். பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர்கிறது என்று பொருள். உங்கள் வெற்று நெஞ்சோடு அணைத்து, மேலே போர்த்துங்கள். சூடு வந்ததும் குடித்தால் சரி. வயிறும் சில்லிட்டிருந்தாலோ, அடுத்தடுத்து இரண்டு முறை பாலை மறுத்தாலோ, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அனுப்புவார்கள். போகும்போதும் நெஞ்சோடு அணைத்தே கொண்டுபோங்கள். வசம்பு, உரை மருந்து, தேன் எதுவும் வாயில் வைக்க வேண்டாம்.

நம் மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. எண்ணெய் தேய்த்துத் தினமும் குளிப்பாட்டுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அடுத்து, கண் பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது அந்த வரிதான். 30 வாரத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் ரத்தநாளங்கள் முழுதாக வளர்ந்திருக்காது. சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, கண் அழகாகவே இருக்கும். சரியான நேரத்தில் கண்டால் லேசரோ ஊசியோ போட்டுப் பார்வையைக் காப்பாற்றலாம். முற்றிய நிலையில் அதற்குக் கிடைப்பது ஓரிரு நாள்தான். ஏற்கெனவே ஒரு வாரம் பிந்திவிட்டது. நாளைக்கே ஆட்டோ பிடித்துப் போங்கள், மழை பெய்தாலும் சரி. சொட்டு மருந்து விட்டதையும் அங்கே சொல்லி, குழந்தைகளுக்கான கருவியில் ஒருமுறை ஆக்ஸிஜன் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கலும் விக்கலும் ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். சிரிப்புக்கு அவசரப்படாதீர்கள், 30 வாரத்தில் பிறந்து 10 வாரம் ஆகிறது என்றால், அவன் பிறந்திருக்க வேண்டிய நாளே இப்போதுதான் வருகிறது. இன்னும் ஆறேழு வாரத்தில் சிரிப்பான். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கணக்குக் கிடையாது, பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும். 6 வார ஊசி போடவில்லையென்றால் கிராம செவிலியரிடம் கேளுங்கள்.

நெஞ்சோடு அணைப்பதை மாமியாரும் செய்யலாம், அவர் விழித்திருக்கும் நேரத்தில். இன்றைக்கு ராத்திரி 10 மணிக்குப் பால் கொடுத்து, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, 1 மணிக்கு எழுப்பும்படி அவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள்.