கேளுங்கள், சொல்கிறேன்: வாலறுந்த ஒரு காரின் கதை

கேள்வி: என் பெரியப்பா எழுபதுகளில் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் படித்தவர். அவருடைய ஆல்பத்தில் ஒரு காரில் சாய்ந்தபடி நிற்கிறார். முன்னால் பார்த்தால் பெரிய கார், பின்பக்கம் பாதியிலேயே முடிந்துவிட்டது. எங்கேயாவது இடித்துவிட்டதா என்று கேட்டால், "அது வாங்கும்போதே அப்படித்தான், பேர் கிரெம்லின்" என்கிறார். ரஷ்யக் காரா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: சுத்தமான அமெரிக்கக் கார், அதுவும் பெரியப்பா படித்த அதே விஸ்கான்சினில், கெனோஷா என்ற ஊரில் செய்தது. மாஸ்கோ கிரெம்ளினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆங்கிலத்தில் எழுத்தே வேறு (அது K, இது G). இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் விமானிகள், காரணமே தெரியாமல் இயந்திரம் மக்கர் செய்தால் "கிரெம்லின் வேலை" என்பார்களாம். கண்ணுக்குத் தெரியாமல் வந்து நட்டைக் கழற்றிவிட்டுப் போகிற குட்டிச்சாத்தான். தான் விற்கிற காருக்குத் தானே குட்டிச்சாத்தான் என்று பெயர் வைத்து, அதன் கார்ட்டூனைப் பெட்ரோல் டேங்க் மூடியிலும் போட்ட கம்பெனி ஏஎம்சி, அதாவது அமெரிக்கன் மோட்டார்ஸ். காரை அறிமுகம் செய்த நாளைக் கேட்டால் சிரிப்பீர்கள்: 1970 ஏப்ரல் 1.

கேள்வி: சின்னக் கார் வேண்டுமென்றால் சின்னதாகவே செய்யலாமே, பெரிய காரை ஏன் வெட்ட வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: கையில் காசில்லை, அவ்வளவுதான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது, ஃபோர்டு கம்பெனி பின்டோ என்ற சின்னக் காரையும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி வேகா என்ற சின்னக் காரையும் அடிமட்டத்திலிருந்து புதிதாகத் தயாரித்துக்கொண்டிருந்தன. ஏஎம்சி 1954ல் நாஷ்-கெல்வினேட்டரும் ஹட்சனும் சேர்ந்து உருவான கம்பெனி (ஆமாம், ஃபிரிட்ஜ் கெல்வினேட்டர்தான், அந்தத் தொழிலை 1968ல் விற்றுவிட்டார்கள்). ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் என்ற மூன்று பெரிய கம்பெனிகளுக்குப் பக்கத்தில் இது பெட்டிக்கடை மாதிரி. அதனால் ஏற்கெனவே இருந்த ஹார்னெட் காரை எடுத்து, கதவு வரைக்கும் ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் கத்தரித்தார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 108 அங்குலம் இருந்தது 96 ஆனது, நம் கணக்கில் ஒன்பதடி எட்டடியாகிவிட்டது. ஸ்டைலிங் தலைவர் ரிச்சர்ட் டீக் இந்த யோசனையை விமானத்தில் போகும்போது, வாந்தி வந்தால் பிடித்துக்கொள்ளக் கொடுப்பார்களே அந்தப் பையின் மேல் கிறுக்கிக் காட்டினார் என்பது பிரபலமான கதை. காரைப் பிடிக்காதவர்களுக்கு அந்தப் பை ஒன்றே போதுமானதாக இருந்தது! வடிவத்தை முடித்துக் கொடுத்தவர் பாப் நிக்ஸன், அப்போதைய ஜனாதிபதிக்கும் அவருக்கும் பாதிப் பெயர் மட்டும்தான் ஒற்றுமை.

ஆனால் வெட்டியதில் லாபமும் இருந்தது. பின்டோவும் வேகாவும் கடைக்கு வர செப்டம்பர் ஆகிவிட்டது, கிரெம்லின் ஐந்து மாதம் முந்திக்கொண்டது. விலை 1,879 டாலரில் ஆரம்பம், அது இரண்டு பேருக்கான மாடல், பின் சீட்டே கிடையாது, பின் கண்ணாடியும் திறக்காது. 80 டாலர் கூடக் கொடுத்தால் சீட்டும் உண்டு, கண்ணாடியும் மேலே தூக்கிக்கொள்ளும். 80 டாலருக்காகக் கண்ணாடி திறக்காத காரை யார் வாங்குவார்கள்? மிகச் சிலரே வாங்கினார்கள்.

என்னைக் கேட்டால், வேடிக்கை எல்லாம் முன்பக்கத்தில்தான். வாலைத்தான் வெட்டினார்களே தவிர இன்ஜினைத் தொடவில்லை. சிக்கனக் கார் என்று விற்ற வண்டியில் ஆறு சிலிண்டர், 3.3 லிட்டர் (நம் பழைய அம்பாசடர் ஒன்றரை லிட்டர்தான், ஏஎம்சியும் அம்பாசடர் என்றே ஒரு கார் விற்றது என்பது வேறு கதை). 1972 மாடலில் ஐந்து லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் கூடக் கேட்டு வாங்கலாம் என்றார்கள். நேர்ரோட்டில் பீட்டில்காரனை ஏளனமாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகலாம். ஆனால் கனமெல்லாம் மூக்கில், பின்னால் ஒன்றுமில்லை, அதனால் ஈரத்திலும் பனியிலும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். பின் சீட்டு என்று ஒன்று இருந்தது, அதில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

கேள்வி: காருக்குள் ஜீன்ஸ் துணி தைத்து விற்றார்களாமே, நிஜமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஜீன்ஸ் மாதிரி என்பதுதான் நிஜம். 1973 மாடலில் லீவைஸ் கம்பெனியோடு சேர்ந்து சீட்டிலும் கதவின் உள்பக்கத்திலும் நீலத் துணி, ஆரஞ்சு நூல் தையல், செம்பு பொத்தான், சீட் ஓரத்தில் லீவைஸ் லேபிள் எல்லாம் போட்டார்கள். துணி மட்டும் நைலான். அசல் ஜீன்ஸ் துணி, காருக்குள் தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக எரியலாம் என்ற விதியில் தேறாது.

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கும் என் மகன் பழைய கிரெம்லின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கப் போகிறேன் என்கிறான். ஐம்பது வருஷத்து வண்டி. தடுக்கவா, விடவா? (வாசகர், மதுரை)

பதில்: தடுத்தால் மட்டும் கேட்கப் போகிறாரா? சரி, சில விஷயம் சொல்லி அனுப்புங்கள். இன்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த ஆறு சிலிண்டர் குடும்பத்தை ஜீப்பிலும் பல வருஷம் போட்டார்கள், அதனால் உதிரி பாகம் இன்றைக்கும் கிடைக்கும், பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். பயப்பட வேண்டியது துருவுக்கு. மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அது அடித்தகட்டைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டியாக இருந்தால் இன்னும் சந்தேகம் வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்து, பின் சக்கரத்துக்கு மேலும் கதவுக்குக் கீழும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "டங்" என்று கேட்டால் சரி, முனை உள்ளே இறங்கினால் திரும்பி வந்துவிடட்டும்.

உள் அலங்காரச் சாமான்கள், பின் கண்ணாடி, இந்த மாடலுக்கு மட்டுமே செய்த பட்டைகள் கிடைப்பது குதிரைக் கொம்பு, எனவே கொஞ்சம் விலை கூடினாலும் முழுசாக இருக்கும் வண்டியே நல்லது. ஆரம்ப வருஷத்து வண்டி என்றால் இன்னொன்று: அதில் வைப்பர் மின்சாரத்தில் ஓடாது, இன்ஜின் உறிஞ்சும் காற்றிழுப்பில் ஓடும். மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இழுப்புக் குறையும், மழை கொட்டும்போது வைப்பர் தூங்கிவிடும். காலை எடுத்தால் மறுபடி எழுந்து ஆடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி என்றால் பார்க்கிங்கில் கை வலிக்கச் சுற்ற வேண்டும்.

கேள்வி: அந்தக் கம்பெனி இப்போது இருக்கிறதா? (அதே நாகர்கோவில் வாசகி, இரண்டாவது கடிதம்)

பதில்: இல்லை. 1973 பெட்ரோல் நெருக்கடியில் கிரெம்லினுக்கு நல்ல கிராக்கி, ஆனால் 1978 மாடலோடு நிறுத்தினார்கள், அதுவரை மொத்தம் 6,71,475. அடுத்த வருஷம் அதே உடம்புக்கு முகம் மாற்றி ஸ்பிரிட் என்று விற்றார்கள். அப்புறம் பிரான்சின் ரெனோ உள்ளே வந்து பங்கு வாங்கியது, 1987ல் கிறைஸ்லர் மொத்தமாக வாங்கியது. கிறைஸ்லருக்கு வேண்டியிருந்தது ஏஎம்சி கையில் இருந்த ஜீப், கார்களை ஓரங்கட்டிவிட்டார்கள்.

பெரியப்பாவிடம் அந்த டேங்க் மூடி மட்டும் எங்கேயாவது பெட்டியில் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கார்ட்டூன் இருக்கிற அசல் மூடி என்றால் மதுரைக்காரர் மகன் கட்டாயம் விலை கேட்பார்.