ரெண்டு டேங்குக்கும் ஒரே சாக்கடையா?

கேள்வி: சார், அம்பத்தூர்ல சின்னதா பிளேட்டிங் ஷாப், அதாவது உலோகப் பூச்சு போடற பட்டறை வச்சிருக்கேன். சிங்க் சயனைடு பாத் (துத்தநாகப் பூச்சுக்கான சயனைடு கரைசல் தொட்டி) ரெண்டு, பக்கத்துலயே ஹெச்.சி.எல். (ஹைட்ரோகுளோரிக்) ஆசிட் டேங்க். என்னையும் சேத்து ஏழு பேர்தான். போன வாரம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஆசிட்டுக்கும் சயனைடுக்கும் தனித்தனி சாக்கடை போடணும், டேங்க சுத்தி தடுப்புச் சுவர் கட்டணும்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டார். இவ்ளோ சின்ன எடத்துக்கு இதெல்லாம் தேவையா?

பதில்: தேவைதான் தம்பி, அதுவும் உடனே. சயனைடு தண்ணியும் ஆசிட்டும் எங்க கலந்தாலும் ஹைட்ரஜன் சயனைடு கேஸ் வரும், மூச்சுல ரெண்டு இழுப்பு போதும் ஆள் சாய. கசப்பு பாதாம் வாசனை வரும்னு சொல்வாங்க, ஆனா எல்லார் மூக்குக்கும் அது தெரியாது, அத நம்பி இருக்காதீங்க.

நான் வேலை பாத்த ஒரு ஷாப்ல பழைய ஆசிட்ட மாத்தறதுக்காக ஒரு பையன் வாளி வாளியா சாக்கடையில ஊத்திட்டு இருந்தான், அதே சாக்கடையிலதான் சயனைடு ரின்ஸ் தண்ணியும் (பூச்சு போட்ட சாமானக் கழுவுன தண்ணி) போயிட்டிருந்தது, மூணாவது வாளிக்கே வாளிய பிடிச்சபடி முட்டி மடங்கி உக்காந்துட்டான். ஷட்டர் தெறந்திருந்ததால தூக்கிட்டு வெளிய ஓடினோம், பொழச்சான். அந்த வாளி உருண்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஏழு பேர்னு சொல்றீங்க. கழிவுநீர் வெளிய விட்டா பொல்யூஷன் போர்டோட அனுமதி வேணும், 1974 நீர்ச் சட்டம் ஆள் கணக்கு பாக்காது. ஆபத்தான டேங்க், குழிய மூடி வைக்கணும் இல்ல வேலி போடணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே பிரிவு 33 இருந்தது, அதனால இது அந்த அதிகாரி புதுசா கண்டுபிடிச்சது இல்ல.

தடுப்புச் சுவர் எவ்ளோ உயரம்னா, உள்ள இருக்கற பெரிய டேங்க் மொத்தமா ஒடஞ்சாலும் அவ்ளோவும் அதுக்குள்ளயே நிக்கணும், அதுக்கு மேல பத்துல ஒரு பங்கு எடம் வச்சுக்கோங்க. ஆசிட் பக்கம் தனி, சயனைடு பக்கம் தனி, நடுவுல சுவர். சயனைடு கழிவ பிஹெச் (காரத்தன்மை அளவு) 10க்கு மேல வச்சு ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் போட்டு அழிக்கணும், அதுக்கப்புறம்தான் மத்த தண்ணியோட சேக்கணும். அடியில தங்கற கழிவுச் சகதிய (ஸ்லட்ஜ) சாக்குல கட்டி மூலையில வருஷக்கணக்கா போட்டு வைக்காதீங்க, விதிப்படி 90 நாள்தான்.

சயனைடு டிரம்ம தரையில வைக்காதீங்க, மேடை போடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும்ல.

பசங்கள டேங்க் கழுவ உள்ள எறக்கவே எறக்காதீங்க, கயிறு, காத்து, வெளிய ஒரு ஆள் இல்லாம. கொத்தனார் வர்றதுக்கு பத்து நாள் ஆகும்னா அந்த பத்து நாளும் ஆசிட் டேங்க காலி பண்ணாதீங்க, வால்வுக்கு பூட்டு போட்டு சாவிய உங்க பாக்கெட்லயே வச்சுக்கோங்க.